மைத்திரி, ஹெஸெட், அகாப்பே, ரஹ்மத், அருள்: எல்லாம் ஒன்றுதானா?

கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். பௌத்தத்தின் மைத்திரி, யூதர்களின் ஹெஸெட், கிறிஸ்தவர்களின் அகாப்பே, இஸ்லாமின் ரஹ்மத், நாம் சொல்லும் அருள் எல்லாம் ஒரே சரக்குக்கு ஒட்டிய வெவ்வேறு பெயர்கள்தானா என்பது ஒன்று. நமக்குக் கெடுதல் செய்தவரிடமும் அதைக் காட்டச் சொல்கிறார்களே, அது நடக்கிற காரியமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: ஒன்றல்ல. இரண்டாவதற்கு: நடக்கும் என்றுதான் பெரும்பாலான மரபுகள் நம்புகின்றன, ஆனால் எப்படி நடக்கும் என்பதில் ஒன்றுக்கொன்று நேரெதிரான யோசனைகளைச் சொல்கின்றன. அந்த முரண்பாட்டைப் பார்த்தால்தான் முதல் கேள்விக்கும் விடை தெளிவாகும்.

'எல்லா மதமும் அன்பைத்தானே போதிக்கிறது' என்பது மேடையில் சொல்ல நல்ல வாசகம். யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் அதைச் சொன்னதும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒவ்வொரு மரபும் இந்த அன்பை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அப்போது வித்தியாசம் தெரியும். பௌத்தம் அதை மனத்தில் வைக்கிறது, பழகிப் பழகி வளர்க்க வேண்டியதாக. யூத மரபு கையில் வைக்கிறது, மனம் ஒத்துழைத்தாலும் ஒத்துழைக்காவிட்டாலும் செய்து முடிக்க வேண்டியதாக. கிறிஸ்தவமும் இஸ்லாமும் முதலில் கடவுளிடம் வைக்கின்றன. மனிதனிடம் காணப்படுவது அங்கிருந்து வந்த பங்கு.

பௌத்தத்திலிருந்து தொடங்குகிறேன். இதற்குப் பாடத்திட்டம் போட்டுப் படிப்படியாகக் கற்பித்தவர்கள் அவர்கள். பாலி மொழியில் மெத்தா, வடமொழியில் மைத்திரி. கருணை, முதிதை, உபேட்சை என்ற மூன்றோடு சேர்த்து நான்கு பிரம்ம விகாரங்கள் என்பார்கள். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று விரும்புவது மைத்திரி. துன்பப்படுகிறவரின் துன்பம் தீரட்டும் என்பது கருணை. அடுத்தவர் நன்றாக இருப்பதைப் பார்த்து மகிழ்வது முதிதை. எந்தப் பக்கமும் சாயாத சமநிலை உபேட்சை. நாம் பேசும்போது அன்பு, இரக்கம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிடுகிறோம். அவர்கள் பிரித்துவைத்ததில் ஒரு காரணம் இருக்கிறது. கீழே விழுந்து கிடப்பவரிடம் இரக்கம் காட்டுவது ஓரளவு எளிது. நம்மைவிட நன்றாக இருப்பவர் மேலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதார நினைப்பதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

சுத்த நிபாதம் என்ற பாலித் தொகுப்பில் வரும் மெத்த சுத்தம் என்ற பாடம் மிகச் சிறியது. ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை உயிரைக் கொடுத்தும் காப்பதுபோல எல்லா உயிர்களிடத்திலும் எல்லையில்லாத மனத்தை வளர்க்க வேண்டும் என்கிறது. காட்டுக்குத் தியானம் செய்யப் போன பிக்குகளை அங்கே மரங்களில் குடியிருந்த தேவதைகள் பயமுறுத்தி விரட்டியபோது, புத்தர் இதையே காப்பாகச் சொல்லிக்கொடுத்துத் திருப்பி அனுப்பினார் என்று உரைகளில் ஒரு கதை உண்டு. தேரவாத நாடுகளில் இன்றும் காப்புக்காக ஓதும் பாடங்களில் இது ஒன்று.

சரி, எப்படி வளர்ப்பது? கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்து எழுதிய புத்தகோசர், விசுத்திமக்கம் என்ற நூலின் 9ஆம் அத்தியாயத்தில் இதை ஒரு கைத்தொழில் சொல்லிக்கொடுப்பதுபோலச் சொல்கிறார். யாரிடம் தொடங்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். பிடிக்காதவரிடம் தொடங்காதே, களைத்துப்போவாய். உயிர்நண்பரிடமும் தொடங்காதே, அவருக்கு ஒரு சின்னத் துன்பம் என்றாலே உனக்கு அழுகை வரும். பகைவரை நினைத்தால் கோபம்தான் வரும். இறந்துபோனவரையும் எடுத்துக்கொள்ளாதே. முதலில் உன்னிடம் தொடங்கு. அடுத்து நீ மதிக்கும் ஆசிரியர் போன்ற ஒருவர். பிறகு நெருங்கிய நண்பர், பிறகு வேண்டியவரும் இல்லை வேண்டாதவரும் இல்லை என்ற நிலையில் ஒருவர். பகைவர் கடைசியில்தான்.

'உன்னிடம் தொடங்கு' என்பதை இப்போது பலர் தன்னைத்தானே கொஞ்சிக்கொள்ளும் அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள். தியான வகுப்புகளில் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஏராளம். புத்தகோசர் அதற்கும் பதில் எழுதிவைத்திருக்கிறார்: 'நான் சுகமாக இருப்பேனாக' என்று நூறு ஆண்டு, ஆயிரம் ஆண்டு நினைத்துக்கொண்டிருந்தாலும் தியானம் கைகூடாது. தன்னை எடுத்துக்கொள்வது ஒரு சாட்சிக்காக மட்டுமே. இந்த இடத்தில் அவர் உதானம் என்ற பௌத்த நூலில் உள்ள ஒரு பாட்டை மேற்கோள் காட்டுகிறார். அதன் பின்னணி எனக்கு மிகவும் பிடித்தது. கோசல மன்னர் பசேனதி, மாளிகையின் மேல்மாடத்தில் மல்லிகா தேவியிடம் கேட்கிறார்: உன்னைவிட உனக்குப் பிரியமானவர் யாராவது உண்டா? 'நீங்கள்தான்' என்ற பதிலை எதிர்பார்த்திருப்பார் என்று ஊகிக்கலாம். அவளோ, இல்லை மகாராஜா, என்னைவிட எனக்குப் பிரியமானவர் யாருமில்லை, உங்களுக்கு எப்படி என்று திருப்பிக் கேட்கிறாள். யோசித்துப் பார்த்த மன்னர் தனக்கும் அப்படித்தான் என்கிறார். இதைப் புத்தரிடம் போய்ச் சொன்னபோது அவர் மல்லிகாவைக் குறை சொல்லவில்லை. எல்லாத் திசையிலும் தேடினாலும் தன்னைவிடப் பிரியமானவரை ஒருவர் காண்பதில்லை, மற்றவர்களுக்கும் அப்படியே, ஆகவே தன் நலம் விரும்புகிறவர் பிறரைத் துன்புறுத்தக் கூடாது என்று அதிலிருந்தே பாடத்தை எடுத்துவிட்டார். சுயநலத்தை மறுக்காமல், அதையே அளவுகோலாக்கிப் பிறரை நோக்கித் திருப்புகிற வாதம் இது.

புத்தகோசரிடம் இன்னொரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு குணத்துக்கும் தூரத்துப் பகை ஒன்று, பக்கத்துப் பகை ஒன்று என்கிறார். மைத்திரிக்குத் தூரத்துப் பகை வெறுப்பு. அது யாருக்கும் தெரியும். பக்கத்துப் பகை பற்று. பார்ப்பதற்கு மைத்திரி மாதிரியே இருக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் 'எனக்கு வேண்டும்' என்பது உள்ளே இருக்கும். உபேட்சைக்குப் பக்கத்துப் பகை, ஒன்றும் புரியாததால் வருகிற அலட்சியம். 'எனக்கு யார்மேலும் கோபமில்லை' என்று சொல்லும் பலரிடம் இருப்பது இந்த இரண்டாவது சரக்குதான்.

வேண்டியவர், வேண்டாதவர் என்று மனம் போடும் எல்லை உடைந்துவிட்டதா என்று பார்க்க அவர் வைக்கும் சோதனை கொஞ்சம் திடுக்கிட வைக்கும். நீயும், உனக்குப் பிரியமான ஒருவரும், நடுநிலையானவர் ஒருவரும், உன் பகைவரும் ஓரிடத்தில் இருக்கிறீர்கள். கொள்ளையர் வந்து, பலி கொடுக்க ஒருவர் வேண்டும் என்கிறார்கள். பகைவரைக் கொண்டுபோகட்டும் என்று நினைத்தால் நீ தேறவில்லை. சரி, 'என்னைக் கொண்டுபோகட்டும், இவர்களை விட்டுவிடட்டும்' என்று நினைத்தால்? அப்போதும் தேறவில்லை. யாரோ ஒருவர் கெடட்டும், மற்றவர் வாழட்டும் என்ற கோடு இன்னும் அழியவில்லை. அந்த ஒருவர் நீயாக இருந்தாலும் கோடு கோடுதான். நால்வரில் ஒருவரையும் கொடுக்க மனம் வராதபோதுதான் எல்லை உடைந்தது என்று பொருள். தியாகமே அன்பின் உச்சம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று ஒப்புக்கொள்ள முடியாத இடம்.

இதே நான்கு குணங்கள் பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் வருகின்றன (1.33), சமண ஆசிரியர் உமாஸ்வாதியின் தத்வார்த்த சூத்திரத்திலும் வருகின்றன. ஆனால் யாரிடம் எதைக் காட்டுவது என்பதில் மூவரும் வேறுபடுகிறார்கள். பதஞ்சலி ஆளுக்கு ஒன்றாகப் பங்கிடுகிறார்: சுகமாக இருப்பவரிடம் மைத்திரி, துன்பப்படுகிறவரிடம் கருணை, புண்ணியம் செய்கிறவரிடம் மகிழ்ச்சி, பாவம் செய்கிறவரிடம் உபேட்சை. அவருக்கு வேண்டியது மனத்தெளிவு. கெட்டவனிடம் நட்பு பாராட்ட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை, அவனை நினைத்து மனம் கலங்காமல் இருந்தால் போதும். சமணத்தின் பங்கீடு சற்று வேறு. மைத்திரி எல்லா உயிர்களிடத்தும்; குணத்தில் உயர்ந்தவரிடம் மகிழ்ச்சி; துன்பப்படுகிறவரிடம் கருணை; சொன்னால் கேட்காதவரிடம் நடுநிலை. ஒரே பட்டியல், மூன்று மரபு, மூன்று விதப் பயன்பாடு. 'எல்லாம் ஒன்றுதான்' என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இவை மூன்றும் ஒரே மண்ணில், ஒன்றோடொன்று வாதாடி வளர்ந்தவை. அவற்றுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

சமணத்தில் மைத்திரி அஹிம்சையிலிருந்து பிரிக்க முடியாதது. நல்லது செய்வதற்கு முன்னால், தீங்கு செய்யாமல் இரு என்பது அவர்கள் வரிசை. பர்யூஷணம் என்ற ஆண்டு நோன்பு நாட்களின் முடிவில், எல்லா உயிர்களையும் மன்னிக்கிறேன், எல்லா உயிர்களும் என்னை மன்னிக்கட்டும், எல்லா உயிர்களோடும் எனக்கு நட்பு, யாரோடும் பகையில்லை என்று சொல்கிறார்கள். தெரிந்தவர்களிடம் தனித்தனியாகவும் மன்னிப்புக் கேட்கிறார்கள். இங்கே மன்னிப்பு என்பது மனம் உருகும்போது தானாக வருவதல்ல, ஆண்டுக்கொரு முறை நாள் குறித்துத் தீர்க்கும் கணக்கு. அந்த ஏற்பாட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது: மனம் உருகும் என்று காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

யூத மரபு மனத்துக்குக் காத்திருப்பதே இல்லை. ஹெஸெட் என்பது உறவால் கட்டுண்டவர் செய்யும் நன்மை. அதில் விசுவாசமும் உண்டு, கடமைக்கு மேலே போவதும் உண்டு. சங்கீதம் 136இல் 26 வசனங்களும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்றே முடிகின்றன. தமிழ் வேதாகமம் அங்கே கிருபை என்பது ஹெஸெட்டைத்தான். மனிதர்களிடம் அது எப்படி இருக்கும் என்று பார்க்க ரூத்தின் புத்தகம் போதும். கணவனை இழந்த மருமகள், அதேபோல் கணவனையும் பிள்ளைகளையும் இழந்த மாமியாரை விட்டுப் போக மறுக்கிறாள். போ என்று மாமியாரே சொல்லியும் போகவில்லை. அதில் உபதேசம் ஒன்றும் கிடையாது, கூட நடந்து போகிறாள், வயலில் கதிர் பொறுக்குகிறாள்.

ஹெஸெட் தானதர்மத்தைவிட எப்படி உயர்ந்தது என்று யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் (சுக்கா 49) ஒரு கணக்கு வருகிறது. தர்மத்தைப் பணத்தால்தான் செய்யலாம். ஹெஸெட்டைப் பணத்தாலும் செய்யலாம், உடம்பாலும் செய்யலாம். தர்மம் ஏழைக்கு மட்டும். ஹெஸெட் ஏழைக்கும் பணக்காரருக்கும். தர்மம் உயிரோடிருப்பவருக்கு; ஹெஸெட் இறந்தவருக்கும். இந்த மூன்றாவதைக் கவனியுங்கள். பிணத்தைக் குளிப்பாட்டி அடக்கம் செய்வதை அவர்கள் 'உண்மையான ஹெஸெட்' என்பார்கள். செத்தவர் திருப்பிச் செய்யப் போவதில்லை. இறந்தவரை நினைத்து மைத்திரி தியானம் செய்யாதே என்றார் புத்தகோசர். இறந்தவரிடத்தில்தான் அன்பு கலப்படமில்லாமல் வெளிப்படும் என்கிறார்கள் இவர்கள். ஒருவர் பேசுவது தியானத்தில் மனம் குவிவதைப் பற்றி, மற்றவர் பேசுவது கைம்மாறு கருதாத செயலைப் பற்றி. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் இரண்டுமே புரியாது.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு, அதன் இடிபாட்டைப் பார்த்து ஒரு சீடர், நம் பாவங்களுக்குப் பரிகாரம் செய்யும் இடம் போய்விட்டதே என்று புலம்பினார். அவருடைய ஆசான் யோகனான் பென் சக்காய் சொன்ன பதில்: கவலைப்படாதே, அதற்கு நிகரான பரிகாரம் நமக்கு உண்டு, அது ஹெஸெட் செயல்கள். பலியைவிட இதையே விரும்புகிறேன் என்ற ஓசியா தீர்க்கதரிசியின் வாக்கை ஆதாரமாகக் காட்டினார். அதே வாக்கை இயேசுவும் மத்தேயு சுவிசேஷத்தில் இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது: உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடப்பதைக் கண்டால், விட்டுவிட்டுப் போகாதே, அவனோடு சேர்ந்து உதவி செய். அவனை நேசி என்று அந்த இடத்தில் சொல்லவில்லை. கழுதையைத் தூக்கு என்கிறது, அவ்வளவுதான். இதற்குத் தல்மூதில் (பாபா மெட்சியா 32) ஒரு சட்டச் சிக்கல் அலசப்படுகிறது. நண்பனின் விலங்கிலிருந்து சுமை இறக்க வேண்டியிருக்கிறது, பகைவனின் விலங்கின்மேல் சுமை ஏற்ற வேண்டியிருக்கிறது; யாருக்கு முதலில் போவது? சாதாரணமாக இறக்குவதற்குத்தான் முதலிடம், விலங்கு வேதனைப்படுகிறதே. ஆனாலும் இங்கே பகைவனிடம் முதலில் போ என்பது தீர்ப்பு. காரணம்? உன் மனத்தின் போக்கை அடக்குவதற்கு.

புத்தகோசர் பகைவரைக் கடைசியில் வைத்தார். தல்மூத் பகைவரை முதலில் வைக்கிறது. இருவருக்கும் கோபத்தைப் பற்றி ஒரே அறிவுதான், அதன் முரட்டுத்தனம் இருவருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் உணர்ச்சியை வைத்து வேலை செய்கிறார். உணர்ச்சியை எடுத்த எடுப்பில் பகைவனிடம் கொண்டுபோனால் அது பற்றிக்கொள்ளும். மற்றவர்கள் தசையை வைத்து வேலை செய்கிறார்கள். சுமையைத் தூக்கிக் கட்டுவதற்கு நல்லெண்ணம் தேவையில்லை, இரண்டு கைகள் போதும். ஒரு மூட்டையின் இரண்டு பக்கத்தை இரண்டு பகைவர்கள் பிடித்துத் தூக்கும்போது 'ம், தூக்கு' என்றாவது பேசித்தானே ஆகவேண்டும்.

கிறிஸ்தவத்தில் வாதம் வேறு பக்கம் போகிறது. பகைவரை நேசியுங்கள், துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம் செய்யுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் சொன்ன இயேசு, அதற்குக் கொடுக்கும் காரணம் மனப்பயிற்சியும் இல்லை, சமூக நன்மையும் இல்லை. பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கச் செய்கிறார், நீதிமான்களுக்கும் அநீதி செய்கிறவர்களுக்கும் மழை பெய்யச் செய்கிறார். நீங்களும் அவருடைய பிள்ளைகளாயிருங்கள் என்பதுதான். கடவுள் அப்படி, ஆகவே நீயும் அப்படி. இந்த ஆகவேயை எடுத்துவிட்டால் அகாப்பே வெறும் நல்ல குணமாகச் சுருங்கிவிடும். கடவுள் நம்பிக்கை இல்லாமல் மைத்திரி தியானம் செய்யலாம், பௌத்தர்களே அதற்குத் தடை சொல்லமாட்டார்கள். கடவுளை விட்டுவிட்டு அகாப்பேயை மட்டும் எடுத்துக்கொள்வது அவ்வளவு சுலபமல்ல.

நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் பலர் தாண்டிப்போகும் இடம் கடைசி வரி. வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனின் காயத்தில் அந்தச் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் என்ற வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போகிறான். அங்கேயே உட்கார்ந்து அழவில்லை, தன் பயணத்தையும் கைவிடவில்லை. இரக்கத்துக்குச் செலவுக்கணக்கும் அடுத்த தவணையும் இருக்கின்றன. இதன் மறுமுனையில் 7ஆம் நூற்றாண்டுச் சிரியத் துறவி நினிவே ஈசாக்கு நிற்கிறார். இரக்கமுள்ள இருதயம் எது என்று கேட்டதற்கு, படைப்பு முழுவதற்காகவும், மனிதர், பறவை, விலங்கு, ஏன் பேய்களுக்காகவும்கூட எரிகிற இருதயம் என்றார். ஊர்வனவற்றுக்காகவும் அது ஜெபிக்கும் என்றார். பேய்களையும் சேர்த்துக்கொண்ட அந்தத் துணிச்சல் பௌத்தக் காட்டுத் தேவதைகளின் கதையை நினைவுபடுத்துகிறது.

இஸ்லாமில் ரஹ்மத் முதலும் முடிவுமாக இறைவனுடையது. குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 'அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமான அல்லாஹ்வின் பெயரால்' என்றே தொடங்குகின்றன. என் அருள் எல்லாப் பொருள்களையும் சூழ்ந்திருக்கிறது என்கிறது 7:156. மனிதனிடம் இருப்பது இதில் எவ்வளவு? நபியின் சொல்லையும் செயலையும் பதிந்த ஹதீஸ்களில் ஒன்று கணக்குச் சொல்கிறது: அல்லாஹ் ரஹ்மத்தை நூறு பங்காக்கினான், தொண்ணூற்றொன்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஒன்றைப் பூமிக்கு அனுப்பினான், அந்த ஒரு பங்கால்தான் படைப்புகள் ஒன்றுக்கொன்று இரக்கம் காட்டுகின்றன, குதிரை தன் குட்டியை மிதித்துவிடக் கூடாதே என்று குளம்பைத் தூக்கிக்கொள்வதும் அதனால்தான். விலங்கின் பாசமும் மனிதனின் ஈகையும் ஒரே ஊற்று என்று காட்ட, ஒரு குளம்பு உயர்வதைப் பார்த்திருக்கிறார் நபிகள் நாயகம்.

நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரின் ஹதீஸும் அப்படித்தான். தாகத்தில் ஈரமண்ணை நக்கும் நாயைப் பார்த்தவர், எனக்கு இருந்த தாகம்தானே இதற்கும் என்று நினைத்து, மறுபடி கிணற்றில் இறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு, ஏறுவதற்குக் கை வேண்டும் என்பதால் அதை வாயில் கவ்விக்கொண்டு மேலே வந்து புகட்டினார். அவர் பாவம் மன்னிக்கப்பட்டது. 'எனக்கு இருந்ததுதானே இதற்கும்' என்ற அந்த நினைப்பு, மல்லிகா தேவியின் பதிலிலிருந்து புத்தர் எடுத்த அதே பாடம். திருவள்ளுவர் 'பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை' அறிவினால் என்ன பயன் என்று கேட்டதும் அதையே. மரபுகள் உண்மையிலேயே சந்திக்கும் இடம் என்று கேட்டால் இந்த ஒரு புள்ளியைச் சொல்வேன்.

பகைவரைப் பற்றிக் குர்ஆன் 41:34 சொல்வது: தீமையை அதைவிடச் சிறந்ததைக் கொண்டு தடு, உன்னோடு பகைமை கொண்டவன் உற்ற நண்பனைப்போல் ஆகிவிடுவான். அடுத்த வசனமே, பொறுமையாளர்களுக்கன்றி இது கிடைக்காது என்று எச்சரிக்கிறது. இது எல்லோராலும் ஆகிற காரியமல்ல என்று அதே மூச்சில் சொல்லிவிடுவது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

சீக்கிய மரபில் அர்தாஸ் பிரார்த்தனை எல்லோருடைய நலனையும் வேண்டியே முடியும். அனந்தபூர் போரில் காயமடைந்த எதிரிப் படையினருக்கும் தண்ணீர் கொடுத்தார் என்று பாய் கன்னையா என்ற சீக்கியத் தொண்டரின்மேல் புகார் போனது. குரு கோவிந்த் சிங் விசாரித்தபோது, எல்லோர் முகத்திலும் உங்களையே பார்க்கிறேன் என்றார் அவர். குரு மருந்தையும் கையில் கொடுத்து, காயத்துக்கும் போடு என்று அனுப்பினார். அந்தக் குருவே போர் நடத்திக்கொண்டிருந்தவர் என்பதை மறந்துவிட வேண்டாம்.

இந்த ஒத்த கருத்துக்கு எதிராக ஒருவர் பேசுகிறார், அவரைச் சேர்க்காவிட்டால் பதில் முழுமையாகாது. தீங்குக்கு நன்மையால் பதில் செய்யலாமா என்று கன்பூசியஸிடம் கேட்டார்கள். அப்படியானால் நன்மைக்கு எதைத் திருப்பிக் கொடுப்பாய் என்று அவர் மடக்கினார். தீங்குக்கு நேர்மையும் நன்மைக்கு நன்மையும்தான் கைம்மாறு என்றார். அதே சீனத்தில் தாவோ மரபின் நூலான தாவோ தே ஜிங் நேர்மாறாகச் சொல்கிறது, நல்லவனிடமும் நல்லவனாயிரு, நல்லவன் அல்லாதவனிடமும் நல்லவனாயிரு என்று. கன்பூசியஸை நான் எளிதில் தள்ளமாட்டேன். எல்லோரிடமும் ஒரேபோல் இனிப்பவரின் அன்பு, அவருக்கு உண்மையாக உழைத்தவர்களை அவமதிப்பதாக ஆகிவிடக்கூடும்.

வள்ளுவர் இதில் எங்கே நிற்கிறார்? அன்புடைமையை இல்லறத்தில் வைத்தார், அருளுடைமையைத் துறவறத்தில் வைத்தார். வீட்டுக்குள் தொடங்கி உயிர்களெல்லாம் என்று விரிவது இவர் பாதை. 'அருளென்னும் அன்பீன் குழவி' என்று அன்பு ஈன்ற பிள்ளையாக அருளைச் சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையை வளர்க்கும் செவிலி பொருள்தான் என்கிறார். அதைப் பொருட்பாலில் சொல்கிறார் என்பதுதான் சுவை. கையில் காசில்லாதவன் உலகத்துக்கெல்லாம் அருள் செய்வது கடினம் என்பதை இவ்வளவு பளிச்சென்று வேறு மறைநூல் எதுவும் சொல்லி நான் பார்த்ததில்லை. வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் திறந்தபோது, ஜீவகாருண்யத்தை முதலில் பசி ஆற்றுவதாகவே எடுத்துக்கொண்டார். உள்ளம் உருகுவது பற்றி அவரைவிட அதிகமாகப் பாடியவர் குறைவு, ஆனாலும் அடுப்பு முதலில் பற்றவைக்கப்பட்டது.

'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்ற குறளை, நன்மை செய்து பழிவாங்கு என்று சிலர் படிக்கிறார்கள். பரிமேலழகர் 'விடல்' என்பதை எடுத்துக்கொண்டு, அவர் செய்த தீமை, நீ செய்த நன்மை இரண்டையும் மறத்தல் என்று உரை சொல்கிறார். தீமையை மறப்பதாவது கேள்விப்பட்டதுதான். பெருந்தன்மையாக நடந்துகொண்டோம் என்ற கணக்கையும் கிழித்துப்போடச் சொல்வதில்தான் கஷ்டம் இருக்கிறது.

ஆக, நடைமுறையில் என்ன செய்வது? நானாக இருந்தால் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். உட்கார்ந்து யோசிக்கிற சுபாவமுள்ளவர் புத்தகோசரின் வரிசையைப் பின்பற்றலாம், பகைவரை அவசரப்பட்டு இழுக்காமல். யோசிக்க யோசிக்கக் கோபம் கூடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்த வழி ஒத்துவராது. ஏதாவது ஒரு சின்ன உதவியை, நல்லெண்ணம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் செய்துவிடுவது அவர்களுக்கு நல்லது. சொல்லப்போனால் புத்தகோசரே கடைசியில் அங்கேதான் வந்து சேர்கிறார். பகைவரிடம் கோபம் தணியவில்லை என்றால் ஒவ்வொரு உபாயமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: அவரிடம் உள்ள நல்லதை நினை, கோபத்தால் கெடுவது நீதான் என்று நினை, எதன்மேல் கோபப்படுகிறாய், அவர் தலைமயிரின் மேலா நகத்தின் மேலா என்று பிரித்துப் பார். எதுவும் பலிக்கவில்லையா, அவருக்கு ஒரு பொருளைப் பரிசாகக் கொடு. சித்தலபப்பத விகாரையில் தன்னை மூன்று முறை அறையிலிருந்து எழுப்பி அனுப்பிய மூத்த பிக்குவுக்கு, ஒரு பிக்கு தன் தாய் தந்த, எட்டுக் காசு பெறும் பாத்திரத்தைக் கொடுத்ததை உதாரணம் காட்டுகிறார். மனப்பயிற்சியில் மிகத் தேர்ந்தவரின் கடைசி மருந்து கைவேலை. அந்தப் பக்கம் கழுதைச் சட்டம் எழுதியவர்கள் குறிவைத்தது மனத்தின் போக்கை. எதிரெதிர் முனையில் தொடங்கியவர்கள் நடுவில் குறுக்கிடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. கெடுதல் பழங்கதையாகிவிட்டது என்றால்தான் மேலே சொன்னதெல்லாம். இன்னும் நடந்துகொண்டிருந்தால் என்ன செய்வது என்று கேட்டால், புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பில் வரும் ஒரு ஹதீஸைச் சொல்வேன். உன் சகோதரனுக்கு உதவி செய், அவன் அநீதி செய்பவனாக இருந்தாலும் சரி, அநீதிக்கு ஆளானவனாக இருந்தாலும் சரி என்றார் நபி. ஆளானவனுக்கு உதவலாம், செய்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிடு, அதுதான் அவனுக்குச் செய்யும் உதவி என்றார். புகார் கொடுப்பது, விலகிப் போவது, கதவைச் சாத்துவது எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.